மாதக் கடைசியில் போட்ட கூட்டல்

இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் எதையாவது வைத்துவிட்டுப் படிக்காதீர்கள். போன முறை ஒருத்தி பாலைப் பொங்கவிட்டுவிட்டு என் மேல் பழி போட்டாள்.

நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிள்ளை கேட்டிருந்தது: "டீச்சர், நம்ம ஸ்கூல்ல ஜூன்ல ஆரம்பிச்சு ஏப்ரல் வரைக்கும் மாசா மாசம் என்னென்ன நடக்கும்னு எழுதுங்களேன். என் பொண்ணு நம்ப மாட்டேங்குறா." அவள் எதிர்பார்ப்பது ஆண்டு விழா, சுற்றுலா, தொடக்கப் பள்ளிச் சுவரோரம் விற்ற இலந்தை வடை இவையெல்லாம் என்று தெரியும். அவையும் வரும். ஆனால் நான் வரலாறு டீச்சர். கையில் ஆவணம் இல்லாமல் எழுதிப் பழக்கமில்லை. என்னிடம் இருக்கும் ஆவணம் வேறு கதை சொல்கிறது.

1981 ஜூனில் வேலைக்குச் சேர்ந்தேன். 2014 மே 31-இல் வெளியே வந்தேன். பிறந்த தேதிப்படி அதற்கு முந்திய நவம்பரிலேயே 58 முடிந்துவிட்டது. கல்வியாண்டு முடியும் வரை பணி நீட்டிப்புக் கொடுத்தார்கள். இத்தனை வருடமும் வகுப்பு ஆசிரியராக இருந்தபோதெல்லாம் ஒரு வேலை மட்டும் மாறவில்லை. மாதக் கடைசி நாளில் வருகைப் பதிவேட்டைக் கூட்டுவது. இந்த மாதம் எத்தனை வேலை நாள், ஒவ்வொரு பெண்ணும் எத்தனை நாள் வந்தாள், வகுப்பின் சராசரி என்ன, விழுக்காடு என்ன. மதியம் மூன்று மணிக்கு மேல் ஆசிரியர் அறையில் எல்லோரும் குனிந்து உட்கார்ந்திருப்போம். கணக்கு டீச்சரிடம் போய், "இத ஒரு தடவ சரி பாத்துக் குடு தாயி" என்று நிற்பேன். பதிவேடு பள்ளியின் சொத்து, அலுவலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். ஆனால் தப்பாகக் கூட்டித் திட்டு வாங்கியதிலிருந்து, என் சொந்த நோட்டு ஒன்றில் மாத எண்ணிக்கையைக் குறித்துக்கொள்வேன். பக்கத்திலேயே, யார் ஏன் வரவில்லை என்று ஒரு வரி. வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது அந்த நோட்டுகள் கிடைத்தன. சிலதைக் கரையான் அரித்திருக்கிறது. மிச்சம் இருப்பதை வைத்து எழுதுகிறேன்.

ஜூனில் தொடங்குவோம். பள்ளி திறக்கிற நாள் புதுப் பாவாடையின் கஞ்சி வாசனை, புதுப் புத்தகத்தின் மை வாசனை. ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்த பிள்ளைகள் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு வேப்ப மரத்தடியில் நிற்கும். அதே நாளில் ஒன்பதாம் வகுப்பில் பெயர் கூப்பிட்டால் நாலைந்து பெயருக்குப் பதில் வராது. "டீச்சர், அவளுக்கு வைகாசியில கல்யாணம் ஆயிருச்சு." இதைச் சொல்கிற பிள்ளைகளின் முகத்தில் வருத்தம் இருக்காது. கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட சந்தோஷம்தான் இருக்கும்.

பெண்ணின் திருமண வயதை 15-லிருந்து 18 ஆக உயர்த்தியது 1978-இல்தான். நான் சேர்ந்தபோது அந்தச் சட்டத்துக்கு மூன்று வயது. எங்கள் பக்கம் அது யாருக்கும் தெரியாது. தெரிந்த ஓரிருவருக்கும் அது செய்தித்தாளில் இருக்கிற விஷயம். ஜோசியக்காரர், "இந்த வைகாசி தப்புனா அடுத்து மூணு வருசம் கழிச்சுத்தான்" என்று சொல்லிவிட்டால் அதுதான் சட்டம். 1981 முதல் 1988 வரை என் ஜூன் மாதக் குறிப்புகளில் "கல்யாணம்" என்ற சொல் இல்லாத வருடமே கிடையாது.

1989-இல் ஒரு மாற்றம் வந்தது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண நிதி உதவித் திட்டம். பெண் எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தால் ஏழைக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய். பின்னாளில் தொகையையும் உயர்த்தி, பத்தாம் வகுப்பு வரை படித்திருக்க வேண்டும் என்றும் ஆக்கினார்கள். கல்யாணத்துக்குப் பணம் கொடுத்துப் படிக்க வைப்பதா என்று அப்போது ஆசிரியர் அறையில் நானே பேசியிருக்கிறேன். தேவதாசி முறைக்கு எதிராக வாழ்நாளெல்லாம் போராடிய ஓர் அம்மையாரின் பெயரை இதற்கா வைப்பது என்று கேட்டேன். ஆனால் என் நோட்டு என்னைவிட நேர்மையாக இருக்கிறது. ஏழாம் வகுப்போடு நிறுத்தப் பார்த்த அம்மாக்கள், "எட்டாவது முடிச்சிரட்டும் டீச்சர், சர்ட்டிபிகேட் வேணும்ல" என்றார்கள். பிறகு, "பத்தாவது எழுதிரட்டும். தோத்தாலும் பரவாயில்ல, எழுதுனா போதுமாம்ல?" என்றார்கள். எந்தக் காரணத்துக்காக உட்கார வைத்தால் என்ன, பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. 2022 செப்டம்பர் 5-இல் அதே அம்மையாரின் பெயரிலான திட்டம் புதுமைப்பெண் திட்டமாக மாறி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று வந்தபோது, என் பழைய வாதத்துக்கு 33 வருடம் கழித்துப் பதில் கிடைத்த மாதிரி இருந்தது.

ஜூலை விளையாட்டு மாதம். குறுவட்டப் போட்டிகளுக்குக் கோ-கோ அணியைத் தயார் செய்வார் நம் உடற்கல்வி டீச்சர். ஏழு மணிக்கே விசில் சத்தம் கேட்கும். தாவணி கட்டுகிற காலத்தில் பிள்ளைகள் அதை இடுப்பில் சொருகிக்கொண்டு ஓடியதும், சுவருக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தவர்களை அவர் விசிலாலேயே விரட்டியதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். காமராசர் பிறந்த ஜூலை 15-ஐக் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடத் தொடங்கியது 2006-இல்.

ஆனால் ஜூலை என்றால் எனக்கு 2004 ஜூலை 16. கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் சமையல் கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் போனார்கள். மறுநாள் நம் பள்ளியில் சத்தமே இல்லை. அந்த வாரமே நம் கீற்றுக் கொட்டகைகள் பிரிக்கப்பட்டன. மாநிலம் முழுவதும் பிரித்தார்கள். இரண்டு வகுப்புகள் அந்த வருடம் முழுக்க மரத்தடியில் நடந்தன. கீற்றைப் பிரித்தபோது ஒரு பெண் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "அப்ப இத்தன வருசம் நம்ம இதுக்குள்ளதான டீச்சர் உக்காந்திருந்தோம்?"

ஆகஸ்ட். நம் மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்துக்காரர்களுக்கு ஆடி, ஆவணி என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. வெளியூரில் இருக்கும் மருமக்களுக்காகச் சொல்கிறேன். மொய் விருந்து. கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரத்தில், கல்யாணம் காதுகுத்து எதுவும் இல்லாமல், மொய் வாங்குவதற்கென்றே பத்திரிகை அடித்து விருந்து வைப்பார்கள். ஒரு குடும்பம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வைக்கும். ஊருக்கெல்லாம் செய்த மொய் கூடுதலோடு திரும்பி வரும். அதில் கிணறு வெட்டுவார்கள், வீடு கட்டுவார்கள். வங்கி எட்டிப் பார்க்காத காலத்தில் ஊர் தனக்குத் தானே நடத்திய வங்கி அது. நானும் எத்தனையோ மொய் நோட்டில் "டீச்சர்" என்று மட்டும் எழுதப்பட்டு இருக்கிறேன். அந்த மாத வருகை விழுக்காடு சரியும். தலைமை ஆசிரியை, "என்னம்மா உன் வகுப்பு இப்படி இருக்கு" என்பார். கறிச்சோறு வாசம் காற்றில் வரும்போது யார் வகுப்பில் உட்காருவார்கள்?

சுதந்திர தினத்துக்கு ஒரு மாதம் முன்பே பேச்சுப் போட்டி, பாட்டு, கூட்டு உடற்பயிற்சி எல்லாம் தொடங்கிவிடும். 1986-இல் எட்டாம் வகுப்பில் எனக்கு ஒரு பிள்ளை இருந்தது. பெயரை எழுத மாட்டேன். அந்த வகுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். கீழே நீங்களும் எழுதிவிடாதீர்கள். வரலாறு அவளுக்குப் பாடமாகவே இல்லை, வீட்டுக் கதை மாதிரி சொல்வாள். அந்த ஆகஸ்ட் 15-க்கு அவளைப் பேச வைத்தேன். தலைப்பு முத்துலட்சுமி ரெட்டி. பேச்சை எழுதிக் கொடுத்தது நான்.

நம் புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்தவர். வயதுக்கு வந்ததும் பள்ளிக்கு அனுப்புவது நின்றது. வீட்டிலேயே படித்துத் தனித் தேர்வராக மெட்ரிக் தேறினார். பெண்கள் யாரும் படிக்காத மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டபோது எதிர்ப்பு வந்தது. சமஸ்தான மன்னர் அனுமதி கொடுத்தார். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம். 1927-இல் சட்ட மேலவைக்குள் போய்த் தேவதாசி முறையை ஒழிக்கக் குரல் கொடுத்தார். 1954-இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை. இதையெல்லாம் அந்தப் பிள்ளை தாள் பார்க்காமல் பேசியது. கொடியேற்ற வந்த பெரியவர் ஒருவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து அவளுக்குப் பரிசாகக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 28-லிருந்து அவள் பெயருக்கு நேரே விடுப்புக் குறிதான். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள், வயதுக்கு வந்துவிட்டாளாம். வீட்டுக்குப் பின்னால் தென்னங்கீற்றில் குச்சு கட்டி உட்கார வைத்திருக்கிறார்களாம். பதினாறு நாள் கழித்துச் சடங்கு, தாய்மாமன் சீர், மைக் செட். எனக்கும் பத்திரிகை வந்தது. போனேன். பட்டுப் பாவாடையும் கனமான மாலையுமாக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், அவளுடைய அப்பத்தா தோளை அழுத்தி உட்கார வைத்தது. "டீச்சர் வந்திருக்காக, பிள்ளைக்குத் திருநீறு பூசுங்க" என்றார்கள். பூசினேன். பந்தியில் சாப்பிட்டேன். 11 ரூபாய் மொய் எழுதினேன். திங்கட்கிழமை பள்ளிக்கு அனுப்புவீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பது அநாகரிகம் என்று நினைத்தேன். விசேஷ வீட்டில் எப்படிக் கேட்பது, பிறகு வந்து பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அன்றைக்கு நான் அந்த வீட்டுக்கு விருந்தாளியாகப் போனேன், டீச்சராகப் போகவில்லை.

செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. அவள் வரவில்லை. அக்டோபரில் ஒருநாள் போனேன். "பொம்பளப் புள்ள, ரெண்டு மைல் நடந்து வரணும், காலம் கெட்டுக் கெடக்கு. அடுத்த வருசம் பாப்போம்" என்றார் அப்பா. உள்ளே கடலை உடைக்கிற சத்தம் கேட்டது. அவளை வெளியே கூப்பிடவில்லை. நவம்பர் மாதக் கடைசியில், தொடர்ந்து வராத மாணவி என்று சிவப்பு மையில் அவள் பெயரை அடித்தேன். அந்தக் கோடு என் கையால் போட்டது. அப்போது அது விதி. எட்டாம் வகுப்பு வரை எந்தக் குழந்தையையும் வெளியேற்றக் கூடாது என்று சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரலில்.

இதைப் படிக்கிற உறவுகளில் சிலர், "இதுல உன் தப்பு என்ன இருக்கு அத்தாச்சி" என்று எழுதப்போகிறீர்கள். எழுத வேண்டாம். அதே செப்டம்பரில் வேறொரு விஷயத்தைப் பார்த்தவள் நான், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1984 செப்டம்பரில் சத்துணவு 15 வயது வரைக்கும் விரிந்தபோது, அடுத்த மாதக் கூட்டலே மாறியது. எம்.ஜி.ஆர். அத்திட்டத்தை 1982 ஜூலையில் தொடங்கியபோது அது சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும். நம் பள்ளி ஆறாம் வகுப்பிலிருந்துதானே, நமக்கு எட்டவில்லை. எட்டியதும், மதியம் வீட்டுக்குப் போய்த் திரும்பாத பிள்ளைகள் திரும்பினார்கள், ஏனென்றால் போகவே இல்லை. ஒரு தட்டுச் சோறு செய்ததை நாங்கள் பிரம்பு வைத்துச் செய்ய முடியவில்லை. பெண் பிள்ளை பள்ளிக்கு வருவதற்கும் வராததற்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் சின்ன விஷயம்தான், யாராவது கை நீட்டினால் எட்டிவிடும் என்று அப்போதே எழுதி வைத்திருக்கிறேன். எழுதிய கை நீளவில்லை.

இனி, எந்த மாதத்திலும் அடங்காத, எல்லா மாதத்துக்கும் உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆண் உறவுகள் சங்கடப்படலாம். பரவாயில்லை, படியுங்கள்.

பதிவேட்டில் காலையில் ஒரு சாய்கோடு போடுவோம். மதியம் அதன் குறுக்கே இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால் முழு நாள். 1983-இல் ஒன்பதாம் வகுப்பைக் கூட்டிக்கொண்டிருந்தபோது ஒற்றைச் சாய்கோடுகள் கண்ணில் பட்டன. காலையில் வந்து மதியம் வராதவர்கள். ஒவ்வொருத்திக்கும் மாதத்தில் இரண்டு மூன்று நாள், அநேகமாக அடுத்தடுத்த நாட்கள். எனக்குக் கோபம் வந்தது. மதியம் கட் அடித்துவிட்டு டூரிங் கொட்டகைக்குப் போகிறார்கள் என்று முடிவு கட்டினேன். வகுப்பில் எழுப்பி நிற்க வைத்துக் கேட்டேன். ஒருத்தியும் பேசவில்லை. ஒருத்தி அழுதாள். அழுததும் எனக்குச் சந்தேகம் உறுதியானது, அப்படிப்பட்ட புத்திசாலி நான்.

சாயந்திரம் நம் ஆயாம்மா வகுப்பைக் கூட்டிக்கொண்டே சொன்னார்: "டீச்சரம்மா, உங்களுக்கு அவசரம்னா ரூமுல சாவி எடுத்துட்டுப் போறீக. புள்ளைக எங்க போவும்?"

நானும் ஒரு பெண். எனக்கும் மாதம் வரும். நோட்டில் தேதியைப் பாருங்கள், வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருக்கிறது. எனக்கு அது தோன்றவில்லை. பிள்ளைகளுக்கென்று மூன்று கழிப்பறைகள் இருந்தன, தண்ணீர் இல்லை, ஒன்றில் கதவும் இல்லை. ஆசிரியைகளுக்கு ஒன்று, பூட்டும் சாவியுமாக. அந்தச் சாவி என் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது. பிள்ளைகள் காலையில் வீட்டிலிருந்து புறப்பட்டால் மாலை வரை தண்ணீரே குடிக்க மாட்டார்கள். அந்த மூன்று நாளில் துணி மாற்ற வழியில்லாமல் மதிய மணி அடித்ததும் வீட்டுக்கு நடப்பார்கள். தூரத்து ஊர்க்காரப் பெண்கள் அந்த நாட்களில் வரவே மாட்டார்கள். பெருக்கிப் பாருங்கள். மாதம் மூன்று நாள், பத்து மாதத்துக்கு முப்பது நாள். பள்ளியே ஏறக்குறைய 200 நாள்தான் நடக்கிறது. கணக்கில் பின்தங்குகிறாள், படிப்பு ஏறவில்லை, மாப்பிள்ளை பார்க்கலாம் என்பார்கள் வீட்டில்.

மறுநாள் சாவியைப் பெரிய பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். ஆசிரியர் அறையில் பெரிய சண்டை நடந்தது. யார் யார் என்ன சொன்னார்கள் என்பதை எழுதவில்லை, அவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பணம் திரட்டிக் கைப்பம்பு போட்டுக் கதவு மாட்ட இரண்டு வருடம் ஆனது. கதவு மாட்டிய மாதத்திலேயே ஒற்றைக் கோடுகள் குறைந்தன. இதற்கெல்லாம் திட்டம், கூட்டம், பயிற்சி என்று வருவதற்குப் பல காலம் முன்பு. கிராமப்புறப் பெண் பிள்ளைகளுக்கு இலவச நாப்கின் தரும் புதுயுகம் திட்டம் வந்தது 2012-இல், நான் ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது. பெட்டிகள் வந்து இறங்கிய அன்று ஆயாம்மா உயிரோடு இல்லை. அவரிடம் காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். "இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சாக்கும்" என்றிருப்பார்.

சரி, அக்டோபர். சரஸ்வதி பூஜைக்குப் பொரிகடலை, அவல், கரும்பலகைக்குப் பொட்டு. புத்தகத்தைப் பூஜையில் வைத்துவிட்டால் ஒருநாள் படிக்க வேண்டாம் என்பதால் எல்லோரும் பக்திமான்கள். மானாவாரிக் கடலை பிடுங்கும் காலம் வேறு. நவம்பரில் மழை, ஒழுகும் வகுப்பு, குழந்தைகள் தின விழா. நவம்பரில் நடந்ததெல்லாம் இப்போது யோசித்தால் 2018-இன் கஜா புயலுக்குள் போய்விடுகிறது. அப்போது நான் ஓய்வு பெற்று நாலு வருடம். தென்னை எல்லாம் சாய்ந்து கிடந்த தோப்பில் ஒரு பெண் நனைந்த புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தாள். நம் பள்ளிதான், சீருடையைப் பார்த்ததும் தெரிந்தது.

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் நாட்டு நலப்பணித் திட்ட முகாம். பக்கத்துக் கிராமத்தில் ஏழு நாளோ பத்து நாளோ தங்கி ஊருணிக் கரையைச் சீர் செய்தது, இரவில் நாடகம் போட்டது, பனியில் ஒரே போர்வைக்குள் நாலு பேர் படுத்துக்கொண்டு விடிய விடியச் சிரித்தது. பெண்ணை இரவு வெளியே தங்க விடுவதா என்று வீடு வீடாக நான் அனுமதிக் கையெழுத்து வாங்கியது உங்களுக்குத் தெரியாது. ஜனவரியில் சம்பா அறுவடை, பொங்கல். குடியரசு தினத்துக்குப் பாதி வகுப்பு வயலிலிருந்து நேராக வந்து நிற்கும்.

பிப்ரவரியில் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு, ஆண்டு விழா, பிரிவு உபசாரம், ஆட்டோகிராஃப் நோட்டு. "மறவாதே" என்று எழுதிக் கொடுத்தவர்களில் எத்தனை பேர் மறக்கவில்லை என்று நீங்களே சொல்லுங்கள்.

மார்ச் என்றால் பொதுத் தேர்வு. ஆனால் 1992 மார்ச்சைப் பற்றிச் சொல்லாமல் புதுக்கோட்டைக்காரி எதையும் எழுதி முடிக்க முடியாது. 1991-இல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலாராணி சுங்கத் அப்போது ஆட்சியர். எழுத்துச் சொல்லிக் கொடுக்கப் போகும் பெண்கள் ஊர் ஊராகப் போக வேண்டுமே, அதற்காகச் சைக்கிள். பிறகு அது தனி வெள்ளமாகப் பெருகியது. பொட்டலில், கண்மாய்க் கரையில், ராத்திரி நிலா வெளிச்சத்தில் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். கல் குவாரியில் வேலை செய்தவர்கள், கூலி வேலைக்குப் போனவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பழகினார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காமல் கடைகளில் தட்டுப்பாடு வந்து, பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதுவே நல்லது என்றார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் அதிகமான பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் போனார்கள்.

எனக்கு அப்போது 36 வயது. நானும் பழகினேன், இரண்டு முறை கருவேல முள்ளில் விழுந்தேன். சொல்லிக் கொடுத்தது என் வகுப்பில் படித்த பெண்தான். "நேராப் பாருங்க டீச்சர், கீழ பாக்காதீங்க" என்று என்னைத் திட்டினாள். வட்டியும் முதலுமாகத் திட்டினாள்.

"ரெண்டு மைல் நடந்து வரணும்" என்று 1986-இல் ஓர் அப்பா சொன்ன காரணம் அந்த வருடத்தோடு பலவீனமாகிவிட்டது. அம்மாவே ஓட்டும்போது மகளை எப்படித் தடுப்பது? பிறகு 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு மேல்நிலை வகுப்பில் அரசே சைக்கிள் கொடுத்தது. சில ஆண்டுகளில் எல்லோருக்கும் என்றானது. ஆனால் நம் பிள்ளைகளுக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்தவர்கள் அவர்களுடைய அம்மாக்கள், 1992-இலேயே.

ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு, முந்திரிக் கொட்டை பொறுக்கும் காலம், கை தோல் உரிந்து பேனா பிடிக்க முடியாமல் வரும் பிள்ளைகள். மே மாதம் பள்ளி இல்லை, பதிவேடும் இல்லை. ஆனால் பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாளே ஊருக்குள் வேன் வரும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் தொடங்கியது. கோயம்புத்தூர், திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளுக்கு ஆள் பிடிப்பவர்கள். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை, முடிவில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணத்துக்கு ஆகும். பெயரே சுமங்கலித் திட்டம். யார் வைத்த பெயரோ, நெஞ்சு கொதிக்கும் எனக்கு. இடையில் உடம்பு முடியாமல் திரும்பி வந்தால் தொகை கிடையாது. மூன்று வருடம் முடியாமல் இருமலோடு திரும்பிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

1998-இல் ஒரு பெண்ணை அந்த வேனில் ஏறாமல் தடுத்தேன். இந்த முறை விருந்தாளியாகப் போகவில்லை. மூன்று நாள் தொடர்ந்து போய் அவள் அம்மாவிடம் பேசி, பிளஸ் ஒன்னில் சேர்த்தேன். இரண்டு வருடம் கழித்துப் பிளஸ் டூவில் ஒரு பாடத்தில் தோற்றாள். அம்மா பள்ளிக்கே வந்தார். "மில்லுக்குப் போயிருந்தா ரெண்டு பவுனுக்காச்சும் ஆயிருக்கும். உங்க பேச்சக் கேட்டு ரெண்டு வருசமும் போச்சு டீச்சர்" என்றார். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். என்னிடம் பதில் இல்லை. அந்தப் பெண் செப்டம்பர் தனித்தேர்வில் அந்தப் பாடத்தை எழுதித் தேறினாள். இப்போது ஓர் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எங்கம்மா சொன்னதையும் போடுங்க டீச்சர்" என்றாள். போட்டுவிட்டேன்.

பரணில் நோட்டுகளோடு இன்னொன்றும் கிடைத்தது. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். 1986 ஆகஸ்ட்டில் திருத்துவதற்காக வாங்கி வைத்த எட்டாம் வகுப்பு வரலாற்று நோட்டு, அவளுடையது. காக்கி அட்டை, வாஸ்கோடகாமா வந்த கடல்வழியை ஊதா மையில் வரைந்திருக்கிறாள். இலங்கையை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிட்டாள். திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று வைத்தது, அப்படியே இருக்கிறது. அந்த வகுப்பில் படித்தவர்கள் இதில் ஏழெட்டுப் பேராவது இருக்கிறீர்கள். அவளைப் பட்டுக்கோட்டைப் பக்கம் கட்டிக் கொடுத்ததாக ஒரு பேச்சு. இப்போது 50 வயதைத் தாண்டியிருக்கும். எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால் கீழே எழுதாமல் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். முட்டி வலி இருக்கிறது, ஆனாலும் பேருந்தில் போய் நானே கொடுத்துவிட்டு வருகிறேன்.